கொப்பிக்குள் இருந்த அறிவு: மாணவன் தன் கணக்கைத் தானே பார்த்த வரலாறு

எங்கள் வாப்பாவுக்கு அக்கரைப்பற்றில் சிறியதொரு புடவைக் கடை இருந்தது. இஷாத் தொழுகை முடிந்து கடையைப் பூட்டிவிட்டு வந்தாரென்றால், விறாந்தையில் பாயைப் போட்டு, அரிக்கன் லாம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அன்றைய கணக்கைப் பார்ப்பார். விற்றது எவ்வளவு, கடனுக்குப் போனது எவ்வளவு, கொழும்புக்குக் கட்ட வேண்டியது எவ்வளவு என்று மூன்று நிரல். கணக்கு நேராகாவிட்டால் சோறு தின்ன எழும்ப மாட்டார். உம்மா இரண்டு தரம் கூப்பிட்டு, அலுத்துப்போய்ப் படுத்துவிடுவா. அதே லாம்பின் மறுபக்கத்து வெளிச்சத்தில்தான் நான் படித்தேன்.

1979இல் பேராதனைக்குப் போனேன். எங்கள் ஒழுங்கையிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். முதலாம் வருடம் முழுக்க விரிவுரைகளைச் சொல்லுக்குச் சொல் எழுதினேன். சிவப்புப் பேனையால் தலைப்பு, நீலப் பேனையால் விடயம். பரீட்சை நெருங்க நெருங்க அந்தக் கொப்பிகளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எல்லாம் பழகிய முகம் போலவே இருந்தது. ஜீ.ஏ.கியூ. என்று நாங்கள் சொல்லும் முதலாமாண்டுப் பரீட்சையில், மற்றப் பாடங்களெல்லாம் தப்பித்தன. நான் மிகவும் நம்பியிருந்த வரலாற்றுப் பாடத்திலேயே தவறினேன்.

தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். வாப்பா ஏசவில்லை. என் பெட்டியைத் திறந்து கொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அவருடைய படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. கடைசியில் வரலாற்றுக் கொப்பியை மூடித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இதுல என்ன இரிக்கி எண்டு இப்ப சொல்லு மகன்" என்றார். நாலு வசனத்துக்கு மேல் என்னால் போக முடியவில்லை.

"கடை நிறையச் சரக்கு இரிக்கிறது வேற, அது நம்மட சரக்கா இரிக்கிறது வேற. கடனுக்கு எடுத்த சரக்க நம்மட எண்டு நினைச்சாக்கள்தான் முறிஞ்சு போன ஆக்கள்" என்றார்.

பிற்காலத்தில் நானும் ஆசிரியனாகி, முப்பது வருடத்துக்கு மேல் மாணவர் முன்னால் நின்றேன். வாப்பா மடியில் வைத்த அந்தக் கொப்பி மறக்கவில்லை. ஒரு மாணவன் தான் படித்தது உண்மையில் தன்னிடம் சேர்ந்துவிட்டதா என்பதைப் பரீட்சைக்கு முன்னரே தானாக எப்படி அறிந்துகொள்வது? நம் முன்னோர் இதற்கு என்ன வழி வைத்திருந்தார்கள்? அது எங்கே, எப்படிக் கைநழுவியது? ஓய்வுபெற்ற பிறகு இந்தக் கேள்விகளோடு வாசித்தவற்றின் ஒரு பகுதியை இங்கே எழுதுகிறேன்.

கள்ளன் கேட்ட கேள்வி

இமாம் கஸ்ஸாலி (றஹ்) அவர்களின் இளமைக் காலத்துச் சம்பவம் ஒன்று நம்மில் பலருக்குத் தெரியும். இமாம் தாஜுத்தீன் ஸுப்கி அவர்கள் ஷாபிஈ மத்ஹபின் அறிஞர் வரிசையைப் பதிவு செய்த தமது பெரும் நூலில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். தூஸ் நகரத்து இளைஞரான கஸ்ஸாலி, ஜுர்ஜானுக்குப் போய்ப் படித்துவிட்டு ஊர் திரும்புகிறார். வழியில் கொள்ளைக்காரர் மறித்து எல்லாவற்றையும் பறித்துக்கொள்கிறார்கள். கஸ்ஸாலி அவர்களின் பின்னால் போய், மற்றவற்றை வைத்துக்கொள்ளுங்கள், என் தஃலீகாவை மட்டும் தாருங்கள் என்று கெஞ்சுகிறார். தஃலீகா என்பது ஆசிரியரின் பாடத்தைக் கேட்டு மாணவன் எழுதிவைக்கும் குறிப்பு. நாம் இன்று 'லெக்சர் நோட்ஸ்' என்கிறோமே, ஏறக்குறைய அதுதான்.

கொள்ளைத் தலைவன் சிரித்தான். ஒரு கொப்பியைப் பறித்ததும் அறிவில்லாதவனாகிப் போகிற நீ, அதைக் கற்றுவிட்டதாக எப்படிச் சொல்கிறாய் என்ற பொருள்படக் கேட்டுவிட்டு, கொப்பியைத் திருப்பிக் கொடுத்தான். அந்தக் கேள்வி அல்லாஹ் அவனது நாவில் வைத்தது என்று கஸ்ஸாலி எடுத்துக்கொண்டார். தூஸுக்குத் திரும்பி, எழுதியதையெல்லாம் உள்ளத்தில் ஏற்ற மூன்று வருடம் செலவிட்டார்.

இதை நாம் பெரும்பாலும் மனனத்தின் சிறப்பைச் சொல்லும் கதையாகவே மேடைகளில் சொல்லிவருகிறோம். எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. கொள்ளையன் வரும்வரைக்கும் கஸ்ஸாலி போன்ற ஒருவருக்கே தன்னிடம் என்ன இருக்கிறது, கொப்பியில் என்ன இருக்கிறது என்ற வித்தியாசம் தெரியாமல் இருந்திருக்கிறது. கொப்பி கையில் இருக்கும்வரை அது தெரியவே தெரியாது. அது நம்மை விட்டுப் போகிற அந்த நேரத்தில்தான் கணக்கு வெளிக்கிறது. பரீட்சை மண்டபத்தில் எனக்கு நடந்ததும் இதுதான். ஆனால் பரீட்சை, கொள்ளையனைப் போலக் கொப்பியைத் திருப்பித் தருவதில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, பக்தாதின் நிஸாமிய்யாவில் பேராசிரியராக இருந்து, 1095இல் அதை விட்டு விலகிய பின், கஸ்ஸாலி 'இஹ்யா' எழுதினார்கள். அதில் முராகபா, முஹாஸபா பற்றித் தனியொரு பாகமே உண்டு. அங்கே அவர்கள் எடுத்துக்கொள்ளும் உவமை வியாபாரம். ஒரு வியாபாரி தன் கூட்டாளியோடு முதலில் நிபந்தனை பேசுகிறான். பிறகு அவனைக் கவனித்து வருகிறான். கடைசியில் கணக்குக் கேட்கிறான். மனிதனும் தன் நஃப்ஸோடு அப்படியே நடந்துகொள்ள வேண்டும் என்பது அவர்களின் கருத்து. முஷாரதா, முராகபா, முஹாஸபா என்று தொடங்கி அதை ஆறு படிகளாக வைக்கிறார்கள்.

கஸ்ஸாலி இங்கே பேசுவது மனிதனின் அமல்களைப் பற்றி. வகுப்புப் பாடத்தைப் பற்றியல்ல. இதைப் படிப்புக்கு நேரடியாகப் பொருத்தி, இன்றைய கல்வியியலை அன்றே சொல்லிவிட்டார்கள் என்று பெருமை பேசுவது நேர்மையாகாது. ஆனால் இன்றைய கல்வி உளவியலாளர்கள் தன்னைத் தானே நெறிப்படுத்தும் கற்றலை விளக்கும்போது முன்திட்டம், செயலின்போது கண்காணிப்பு, செயலுக்குப் பின் மீள்நோக்கு என்று மூன்று கட்டங்கள் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே மனித அனுபவத்தின் மீது கட்டப்பட்டவை. வாப்பாவின் மூன்று நிரல் கொப்பியும் அங்கிருந்து வெகுதூரத்தில் இல்லை.

ஸர்நூஜியின் ஐந்து நாள் கணக்கு

கஸ்ஸாலிக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின்னர் வாழ்ந்தவர் புர்ஹானுத்தீன் அஸ்ஸர்நூஜி. 'ஹிதாயா' எழுதிய மர்கீனானி அவர்களின் மாணவர். 'தஃலீமுல் முதஅல்லிம்' என்ற அவருடைய சிறு நூல் நமது அறபு மத்ரஸாக்களுக்குப் புதியதல்ல. ஆசிரியருக்குக் காட்ட வேண்டிய மரியாதை பற்றிய பகுதிகளைத்தான் நாம் அதிகம் எடுத்துச் சொல்கிறோம். அதில் பாடத்தை எப்படிக் கையாள்வது என்ற பகுதி எனக்கு ஒரு கடைக்காரரின் கைநூலைப் போலத் தோன்றியது.

தொடக்க மாணவன் ஒரு நாளைக்கு எவ்வளவு படிக்க வேண்டும்? இரண்டு தரம் திருப்பிச் சொன்னால் மனதில் நிற்கும் அளவு. அதற்கு மேல் எடுத்தால் சுமை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். விளங்காத ஒன்றை எழுதி வைக்காதே என்கிறார். அது புத்தியை மழுங்கடிக்கும். அடுத்து ஒரு கணக்குத் தருகிறார்: நேற்றைய பாடத்தை ஐந்து தரம் மீட்டு, முந்தநாள் பாடத்தை நாலு தரம், அதற்கு முந்தியதை மூன்று தரம், அதற்கும் முந்தியதை இரண்டு தரம், அதற்கும் முந்தியதை ஒரு தரம்.

இதை ஒருதரம் செய்து பார்த்தவருக்குத்தான் இதன் பலன் விளங்கும். ஒரு பாடம் ஐந்து நாளில் பதினைந்து தரம் நாவுக்கு வருகிறது. ஒரே இருப்பில் பதினைந்து தரம் வருவதில்லை. நாட்களுக்கு நடுவே மறக்க இடம்விட்டு வருகிறது. மறந்ததும் மறக்காததும் அந்த இடைவெளியில் தானாகவே பிரிந்துவிடும். நாலாம் நாள் வரும்போது எது நிற்கிறது, எது வழுக்குகிறது என்று மாணவனுக்குத் தெரியும். யாரும் புள்ளி போட வேண்டியதில்லை.

எர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன் அறிஞர் 1885இல் தன்னையே பரிசோதனைப் பொருளாக வைத்து மறதியின் வேகத்தை அளந்து நூல் எழுதினார். இடைவெளி விட்டு மீட்டுவது ஒரே மூச்சில் மீட்டுவதைவிட மேலானது என்று அவர் கண்டார். ஸர்நூஜிக்கு ஆய்வுகூடம் இருக்கவில்லை. மாணவரோடு வாழ்ந்த அனுபவம் இருந்தது.

இன்னொன்றும் சொல்கிறார். சக மாணவரோடு ஒருமணி நேரம் வாதித்துப் பேசுவது, ஒரு மாதம் தனியே திருப்பிச் சொல்வதைவிட நல்லது என்று. காரணம் இலகுவானது. தனியே இருக்கும்போது நாம் நமக்கு இரங்குவோம். எதிரில் இருப்பவன் இரங்கமாட்டான்.

பதினாறு வருடமும் ஐந்து வருடமும்

இதுவரை சொன்னதை வைத்து, அந்தக் காலத்து மத்ரஸாக்களில் எல்லாம் சரியாக நடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அப்படியில்லை என்று சொல்பவர் வேறு யாருமில்லை, இப்னு கல்தூன்தான். 1377இல் அவர் எழுதி முடித்த 'முகத்திமா'வில் தம் காலத்து மக்ரிப் மாணவரைப் பற்றிக் கடுமையாகவே எழுதுகிறார். மொறோக்கோவின் மத்ரஸாக்களில் மாணவர் தங்கிப் படிக்க விதிக்கப்பட்ட காலம் பதினாறு வருடம்; தூனிஸில் ஐந்து வருடம். பதினாறு வருடம் இருந்தவர்களில் பலர் வாயே திறப்பதில்லை, பேசுவதுமில்லை, விவாதிப்பதுமில்லை, தேவைக்கு மீறி மனனத்தில் மூழ்கிக் கிடந்தார்கள். படித்து முடிந்துவிட்டதாக அவர்கள் நினைக்கும்போது, பேசவோ கற்பிக்கவோ போனால் வெறுமை வெளிப்படுகிறது என்கிறார். மனனத்தில் அவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்தவர்கள் அல்லர், இன்னும் கூடியவர்கள். மனனமே அறிவு என்று எண்ணியதுதான் பிழை என்றும் சொல்கிறார்.

இந்த இடத்தில் கஸ்ஸாலியின் கதைக்கு ஒரு மறுபக்கம் வருகிறது. கொப்பியில் இருந்ததை நெஞ்சுக்கு மாற்றிவிட்டால் கணக்கு முடிந்ததா? இல்லை. நெஞ்சில் இருப்பதும் விளங்கியதாக இருக்க வேண்டும். ஞாபகத்தைச் சோதிப்பது ஒன்று. விளக்கத்தைச் சோதிப்பது இன்னொன்று. இப்னு கல்தூன் இரண்டாவதற்குச் சொன்ன இலகுவான வழியும் ஸர்நூஜி சொன்னதுதான்: அறிவுப் பிரச்சினைகளைப் பற்றி வாய்திறந்து பேசு, விவாதி.

தன்தாவிலிருந்து ஓடிய பையன்

இப்னு கல்தூன் கண்ட அதே நோய், ஐந்நூறு வருடத்தின் பின்னர் எகிப்தில் ஒரு பதின்மூன்று வயதுப் பையனைப் பிடித்தது. ஒரு வித்தியாசம், அந்தப் பையனுக்குத் தன் நோய் தெரிந்திருந்தது.

முஹம்மத் அப்துஹு 1862இல் தன்தா நகரின் அஹ்மதி ஜாமிஉக்குப் படிக்க அனுப்பப்பட்டார். பிற்காலத்தில் அவர் எழுதிய வாழ்க்கைக் குறிப்பின்படி, ஒன்றரை வருடம் இருந்தும் ஒன்றும் விளங்கவில்லை. ஆசிரியர்கள் இலக்கணக் கலைச்சொற்களைப் பொருள் சொல்லாமலே பொழிந்துகொண்டு போனார்கள். மற்றப் பையன்கள் விளங்கிவிட்டதாகத் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொண்டு இருந்தார்கள். அப்துஹுவால் முடியவில்லை, ஊருக்கு ஓடினார். இனிப் படிப்பு வேண்டாம், விவசாயம் போதும் என்று தீர்மானித்தார்.

அவரைத் திருப்பியது உறவினரான ஷெய்கு தர்வீஷ். அவர் அப்துஹுவிடம் ஒரு சிறிய கிதாபைக் கொடுத்து, சில வரிகளை வாசிக்கச் செய்து பொருள் சொன்னார். முதலில் கிதாபை வீசியெறிந்த பையன், சில நாட்களில் தானே வாசிக்கத் தொடங்கினான். விளங்காத இடங்களில் அடையாளம் வைத்துக்கொண்டு ஷெய்கிடம் கேட்டான். பெரிய சீர்திருத்தவாதி என்று நாம் அறியும் மனிதரின் கல்வி அந்தச் சிறு அடையாளங்களில்தான் தொடங்கியது. 'இது எனக்கு விளங்கவில்லை' என்று ஒரு பக்கத்தில் கோடு போடத் தெரிந்தவனுக்கு மட்டுமே எதைக் கேட்பது என்று தெரியும்.

அப்துஹு அல்அஸ்ஹருக்குப் போன காலத்தில் இன்னொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. நூற்றாண்டுகளாக அஸ்ஹரில் மாணவனின் தகுதியை அறிந்தவர் அவனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர். அவர் கொடுத்த இஜாஸாதான் சான்று. 1872இல் ஷெய்கு முஹம்மத் அல்அப்பாஸி அல்மஹ்தி காலத்தில் வந்த சட்டம், ஆலிம் பட்டத்துக்குக் குழுவொன்றின் முன்னால் 11 பாடங்களில் பரீட்சை என்று வைத்தது. அப்துஹு 1877இல் அதில் சித்தியடைந்தார். பட்டத்துக்கு ஓர் ஒழுங்கு வந்தது நல்லதுதான். ஆனால் 'எனக்குத் தெரியுமா?' என்ற கேள்வி மெல்ல மெல்ல 'அவர்கள் என்னைச் சித்தியடையச் செய்வார்களா?' என்ற கேள்வியாக மாறியதும் இத்தகைய ஒழுங்குகளோடுதான்.

கடல் கடந்து போன விடைத்தாள்

அதே காலத்தில் நமது நாட்டு முஸ்லிம்களின் நவீன கல்வி தொடங்கியது. சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்தார். எகிப்தில் தோற்று, 1883 ஜனவரியில் கொழும்புக்கு நாடுகடத்தப்பட்டு வந்த ஒறாபி பாஷா, சித்திலெப்பையின் கல்வி முயற்சிக்குத் துணை நின்றார். 1892இல் மருதானையில் அல்மத்ரஸதுஸ் ஸாஹிரா உருவாயிற்று. அன்றைய பெரியார்களுக்கு முன்னால் இருந்த கேள்வி, நம் பிள்ளைகளை எப்படிப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவருவது என்பதே. அது நியாயமான, அவசரமான கேள்வி.

உயர்கல்வி வந்தபோது அது கடலுக்கு அப்பால் தீர்ப்பு வழங்கப்படும் ஒன்றாகவே வந்தது. 1921இல் கொழும்பில் திறக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி, லண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டங்களுக்கே மாணவரைத் தயார்செய்தது. பாடம் சொன்னவர் கொழும்பில். தீர்ப்புச் சொன்னவர் லண்டனில். மாணவன் எழுதிய விடைத்தாள் கப்பலேறும். பெறுபேறு வரும்வரை காத்திருக்க வேண்டும். தான் எங்கே சறுக்கினான் என்பது சித்தியடைந்தவனுக்கும் தெரியாது, தவறியவனுக்கும் தெரியாது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகி, 1952 முதல் பேராதனையில் குடியேறிய பின் தீர்ப்பு நாட்டுக்குள் வந்தது. ஆனால் வருடக் கடைசியில் ஒரே ஒரு தீர்ப்பு என்ற பழக்கம் நெடுங்காலம் நிலைத்தது. என் காலத்திலும் அப்படித்தான்.

ஸாஹிராவில் ரீ.பி. ஜாயாவும், அவருக்குப் பின் 1948 முதல் ஏ.எம்.ஏ. அஸீஸும் பல்கலைக்கழகத்துக்கு மாணவரை அனுப்பப் பட்ட பாடு கொஞ்சமல்ல. பணமில்லாத பிள்ளை படிப்பை விடக்கூடாது என்று 1945இல் அஸீஸ் முன்னின்று கல்விச் சகாய நிதியை ஏற்படுத்தினார். 1960ஆம் ஆண்டளவில் கலைப்பீடத்தில் தமிழிலும் சிங்களத்திலும் போதனை தொடங்க, என்னைப் போன்ற கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாகி, அடுத்த வருடமே முழுப் பல்கலைக்கழகமாயிற்று.

இந்த வரலாற்றை நாம் பெருமையோடு எழுதுகிறோம், எழுதவும் வேண்டும். ஆனால் நமது சமூகக் கணக்குக் கொப்பியில் ஒரு நிரல் வெறுமையாகவே கிடக்கிறது. எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று எண்ணுகிறோம். எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள் என்றும் சில நேரம் எண்ணுகிறோம். உள்ளே போன பிள்ளை அங்கே எப்படிக் கற்றது, எப்போது தடுமாறியது, தடுமாறுவதை எப்போது கண்டுகொண்டது என்பது நம் எழுத்துகளில் மிக அரிது. தவறியவர் அதைப் பேசுவதில்லை. நானே நாற்பது வருடம் பேசவில்லை.

முப்பத்தைந்து மணித்தியாலம்

இன்று ஒழுங்கு மாறிவிட்டது. அரையாண்டுக்கொரு பரீட்சை, இடையில் ஒப்படைகள், ஜீ.பி.ஏ. கணக்கு. 2012இல் வெளியிடப்பட்டு 2015இல் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் ஒரு முக்கியமான எண் இருக்கிறது. ஒரு கிரெடிட் என்பது மாணவனின் 50 மணித்தியாலக் கற்றல். விரிவுரைப் பாடமென்றால் அதில் வகுப்பில் இருப்பது பொதுவாக 15 மணித்தியாலம். மிச்சம் 35 மணித்தியாலமும் மாணவனுடையது. மூன்று கிரெடிட் பாடமொன்றில் 105 மணித்தியாலம் அவன் தானாகப் படிக்க வேண்டும் என்று சட்டமே எதிர்பார்க்கிறது. பதினைந்துக்கு வரவுப் பதிவேடு உண்டு. முப்பத்தைந்துக்கு யார் கணக்கு வைப்பது?

என் தம்பியின் மகள் விஞ்ஞானம் படிக்கிறாள். உயர்தரம் தமிழில் படித்தவள். இப்போது எல்லாம் ஆங்கிலத்தில். சென்ற வருடம் விடுமுறையில் வந்தபோது முகம் வாடியிருந்தது. கேட்டேன்.

"பெரியவாப்பா, ஸ்லைட்டப் பாத்தா எல்லாம் தெரிஞ்ச மாதிரி இரிக்கி. ஸ்லைட்ட மூடினா ஒண்டுமில்ல" என்றாள்.

என் கொப்பிதான் இப்போது ஸ்லைட் ஆகியிருக்கிறது. அவளுக்கு நான் ஓர் ஆய்வைச் சொன்னேன். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்ற இருவர் 2006இல் வெளியிட்டது. மாணவர் ஒரு பந்தியைப் படிக்க வேண்டும். ஒரு குழுவினர் நாலு தவணையும் வாசித்தார்கள். இன்னொரு குழுவினர் ஒரு தவணை வாசித்து, மூன்று தவணை தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஒரு கிழமை சென்ற பின் சோதித்தபோது, வாசித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு ஏறக்குறைய 40 சதவீதம் நினைவிருந்தது; எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. ஆனால் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தான்.

"அப்ப எனக்குத் தெரியும் எண்டு எனக்குத் தோணுறத நம்ப ஏலாதா?" என்று கேட்டாள்.

"கொப்பி திறந்து கிடக்கும்போது தோன்றுவதை நம்பாதே மகள். மூடின பிறகு தோன்றுவதை நம்பு" என்றேன்.

அன்று மாலை, பிரசாரணம் பற்றி அவளுடைய உம்மாவுக்குத் தமிழில் விளக்கச் சொன்னேன். ஒஸ்மோசிஸ் என்றும் தெரியும், பிரசாரணம் என்றும் தெரியும். உம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ஊறுகாய்க்கு உப்புப் போட்டாத் தண்ணி ஏன் வெளிய வருது?" பிள்ளை திகைத்துப் போனாள். இரண்டு மொழியில் பெயர் தெரிந்திருந்தது. தண்ணீர் ஏன் அந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்திருக்கவில்லை. கண் கலங்கிற்று. ஆனால் அன்றிரவே அந்த இடத்தில் அடையாளம் வைத்துத் தேடிப் படித்தாள். முஹம்மத் அப்துஹு போட்ட கோடு போலத்தான்.

அவளுடைய பல்கலைக்கழகத்தில் 'குப்பி' நடக்கிறது என்றாள். மூத்த மாணவரோ சக மாணவரோ பரீட்சைக்கு முன் இரவில் கூட்டமாக இருந்து பாடம் சொல்லிக்கொடுப்பது. குப்பி விளக்கு வெளிச்சத்தில் படித்த காலத்திலிருந்து வந்த பெயர் என்பார்கள். ஸர்நூஜியும் இப்னு கல்தூனும் சொன்ன விவாதத்துக்கு நம் நாட்டு மாணவர் தாமாகவே கண்டுபிடித்த வடிவம் இது. ஒரே ஒரு குறை. குப்பியில் உண்மையாகக் கற்பவர் சொல்லிக்கொடுப்பவர்தான். மற்றவர்கள் இன்னொரு விரிவுரையைக் கேட்டுவிட்டு, விளங்கிற்று என்ற அதே மயக்கத்தோடு எழும்பிப் போகிறார்கள். "ஒவ்வொரு கிழமையும் சொல்லிக்கொடுக்கிற ஆள மாத்துங்க" என்றேன். "பொம்பிளப் பிள்ளைகள் சொல்லிக்குடுக்கக் கூச்சப்படுவாங்க பெரியவாப்பா" என்றாள். "உம்மாவுக்குச் சொல்லிக்குடுத்தாய்தானே" என்றேன். சிரித்தாள். இப்போது மூன்று தோழிகளோடு முறை வைத்துச் செய்வதாகக் கேள்வி. ஒரு பாடத்தில் இன்னமும் கஷ்டம்தானாம். ஆனால் எந்த இடத்தில் கஷ்டம் என்று இப்போது அவளால் சொல்ல முடிகிறது.

வாப்பாவின் நிரல்கள்

நான் தவறிய வருடத்தைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். மீண்டும் எழுதும் பரீட்சைக்கு வீட்டிலிருந்தே படித்தேன். வாப்பா கடைக்கணக்குக் கொப்பியில் புதியதொன்றை எடுத்துத் தந்தார். அதே மூன்று நிரல். அவர் விற்றது, கடன், கட்ட வேண்டியது என்று எழுதிய இடத்தில் நான் சொல்ல முடிந்தது, பாதி தெரிந்தது, தெரியாதது என்று எழுதினேன். இஷாவுக்குப் பிறகு அவர் தன் கணக்கைப் பார்ப்பார். நான் வரலாற்றுக் கொப்பியை மூடிவைத்துவிட்டு என் கணக்கைப் பார்ப்பேன். முதல் கிழமை மூன்றாம் நிரல் நிறைந்து வழிந்தது. வெட்கமாக இருந்தது. வாப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல. கட்ட வேண்டியது எவ்வளவு எண்டு தெரிஞ்சாத்தானே கட்டலாம்" என்றார்.

அவர் வபாத்தாகி இருபத்திரண்டு வருடம். கடை இப்போது இல்லை. அந்தக் கொப்பி என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கங்களில் மூன்றாம் நிரல் முற்றாக வெறுமையாகவில்லை. ஐந்தாறு வரிகள் அப்படியே நிற்கின்றன. அவற்றோடுதான் பரீட்சைக்குப் போனேன், சித்தியடைந்தேன். அவற்றில் இரண்டை இன்றுவரை சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்பதும் அந்தக் கொப்பி இருப்பதால்தான் எனக்குத் தெரிகிறது.